ஆடியில் வந்த மைக்ராஸ்கோப்

ஏழு நாள் கெடு. அதில் ஆறு நாளை என் மாமனார் தின்றுவிட்டார்.

வேடசந்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருஷம் குனிந்து குனிந்து ரத்தம் பார்த்துக் கழுத்து ஒடிந்தவள் நான். இனி சொந்த லேப்தான் என்று வேலையை விட்டாயிற்று. குஜிலியம்பாறை பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையும் பிடித்தாயிற்று. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. மைக்ராஸ்கோப் இல்லாமல் லேபைத் திறந்து வைத்து ஈ ஓட்டவா முடியும்?

அதை வாங்கத்தான் மாமா தன் இரண்டு கறவை மாடுகளையும் விற்றார். மாமா என்றால் என் கணவரின் அப்பா, சின்னக்கண்ணு. குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமியில் விவசாயம். வியாபாரி மாடுகளுக்குத் தன் கயிற்றை மாற்றிக் கட்டி ஓட்டிப்போனபோது வீட்டுக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவர்.

பிரவுசிங் சென்டர் ஸ்டான்லி கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டுக் கொடுத்தார். இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் பக்கம் அதுவே பெரிய அதிசயம். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. பொருள் வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ வேறு தருவார்களாம், அதற்குத் தனிக் கட்டணமாம். வீண் செலவு வேண்டாங்க்கா என்றார் ஸ்டான்லி. டிக் அடிங்க என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். பிரித்துப் பார்த்து, சேதம் இருந்தால், பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் போட்டோவோடு படிவம் அனுப்ப வேண்டும். நான் அன்று கவனித்தது அவ்வளவுதான்.

ஆடி இருபத்திரண்டாம் தேதி கூரியர் ஆபீஸிலிருந்து போன். உங்கள் ஊருக்கெல்லாம் வண்டி வராது, வேடசந்தூருக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் கடைக்கு வெள்ளையடிக்கிற ஆட்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமாதான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஆடியில புதுச் சாமானப் பிரிக்கக் கூடாது தாயி. ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி பிறக்கப் பத்து நாள் இருந்தது. கெடு ஏழே நாள். விளக்கிச் சொன்னேன், கெஞ்சினேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் முகேஷ்குமார், அப்பா சொல்வதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோ ஓரத்தில் இருந்த பெட்டியைப் போகிறபோதும் வருகிறபோதும் தொட்டுப் பார்த்தேன். ஒரு நாள் வெஞ்சனத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். எனக்குள்ளே இன்னொரு பயமும் அரித்தது. பிரித்து, உள்ளே உடைந்திருந்தால்? ஆடியில் பிரித்ததால்தான் உடைந்தது என்பார்கள். நான் சாகிறவரை என்பார்கள். மாமாவும் சரியாகச் சாப்பிடவில்லை, காலியான மாட்டுக் கொட்டத்தில் போய்ப் போய் உட்கார்ந்தார். மாட்டு நினைப்பு என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் காலை பொறுமை போய்விட்டது.

"உடைஞ்சிருந்தா பழிய ஆடி மேலயும் போடுங்க, என் மேலயும் போடுங்க மாமா. கேட்டுக்கிறேன். இதுக்கு மேல சும்மா உக்கார என்னால ஆகாது."

அவர் இந்தத் தடவை குறுக்கே வந்து நிற்கவில்லை. பெட்டியின் டேப்பில் கத்தரிக்கோலை விட்டேன். தெர்மோகோல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மைக்ராஸ்கோப்பின் மேல்குழாய் முறிந்து, லென்ஸ் ஒன்று கழன்று மூலையில் கிடந்தது. பதினோரு வருஷ வேலை போச்சு, மாடு போச்சு. கூரியர்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த படிவத்தை விரித்தேன். சேதம் எங்கே, எப்படி நேர்ந்தது என்று ஒரு கேள்வி. கூரியர் ஆபீஸில் தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்று எழுதப் போனேன்.

"அவன் எறியல தாயி," என்றார் மாமா.

நிமிர்ந்து பார்த்தேன்.

"பஸ்ஸ விட்டு எறங்கயில என் கை நழுவிருச்சு. உள்ள கலகலன்னுச்சு. ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல. ஆடியச் சாக்குச் சொல்லிட்டேன். மாட்டையும் தொலச்சேன், மிசினையும் தொலச்சேன்."

ஆறு நாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று கத்த வாயெடுத்தேன். அவர் கழன்ற லென்ஸைப் பொறுக்கி, திரும்ப அதன் குழாயில் பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பொய் எழுதலாம். விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. எழுதிப் புதுசு வாங்கினால் அதை வைத்துக்கொண்டு அவரும் தூங்கமாட்டார், நானும் தூங்கமாட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இங்கிலீஷ் காகிதத்தை முதலிலிருந்து வரி விடாமல் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வாங்குபவர் கொடுத்த விலாசத்தில் பொருளைச் சேர்க்கும்வரை பொறுப்பு எங்களுடையது என்று கம்பெனிக்காரர்களே எழுதியிருந்தார்கள். நான் கொடுத்தது இந்த வீட்டு விலாசம். எவன் இங்கே கொண்டுவந்து சேர்த்தான்?

எழுதினேன். கம்பெனிக்கு எழுதியதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்: பெட்டியை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. உங்கள் ஆள் செய்ய வேண்டிய வேலையை அறுபத்தெட்டு வயதான என் மாமனார் செய்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் கை நழுவியது. அப்போதும் அது உங்கள் பொறுப்பில்தான் இருந்தது.

"தருவானா?" என்று கேட்டார்.

"தெரியல மாமா. தரலேன்னா அந்த ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துருவேன்."

போட்டோ ஸ்டான்லி கடையில்தான் எடுக்க வேண்டும். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியை விட்டுத் தள்ளி நின்றார்.

"நீங்களே தூக்கிட்டு வாங்க மாமா," என்றேன்.

கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து தூக்கினார்.