ஆயிரத்து ஒன்பது

பள்ளியின் கணித ஆசிரியர்கள் இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டிய மூத்தவரின் கணக்கு தப்பென்று, இளையவர் மாணவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் அழித்துத் திருத்தி மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

புதுக் கட்டடத்தின் வாசற்கல்லில் பொறிக்க ஒரு பெரிய பகா எண் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டதும் மூத்தவர் முந்திக்கொண்டார். துறைத் தலைவர் யாரென்று திறப்பு விழாவில் அறிவிப்பார்கள். அந்த நாற்காலிக்காக அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

அவர் தேர்ந்தெடுத்தது 10,22,117. கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று வீராப்பாக இரண்டு வாரம் கையாலேயே வகுத்தார். ஆசிரியர் அறைச் சுவரிலிருந்த பட்டியலில் ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள். 997 வரை ஒன்றாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. ஓர் எண் வகுபடுமானால் அதன் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு காரணி இருந்தாக வேண்டும்; ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். அதற்கு மேல் பார்ப்பது வெட்டி வேலை என்று பேனாவை மூடிவிட்டார். பத்து லட்சத்துக்கு மேல் தொங்கிய இருபத்திரண்டாயிரத்துச் சொச்சத்தை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

விழாவில் திரை விலகியது. கைதட்டல் அடங்குவதற்குள் இளையவர் எழுந்தார்.

"ஆயிரத்து ஒன்பதால வகுத்துப் பாத்தீங்களா, சகலை?"

மூத்தவர் கையிலிருந்த விழா அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே வகுத்தார். ஈவு 1013. மீதி எதுவுமில்லை. மானம் கப்பலேறியது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"கல்லு செதுக்கப் போன அன்னைக்கே."

சொல்லி முடித்தபிறகுதான் பக்கத்தில் தலைமையாசிரியை நிற்பதை இளையவர் கவனித்தார்.

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களா?" என்றார் அந்த அம்மாள். "ஒருத்தர் பாதியில நிறுத்தினவர், இன்னொருத்தர் முழுசா மறைச்சவர். ரெண்டு பேருக்கும் அந்தப் பதவி கிடையாது. வெளியிலேருந்து ஆள் போட்டுக்கறேன். கல்லு அப்படியே இருக்கட்டும். கீழேயே ரெண்டு காரணியையும் செதுக்கச் சொல்றேன், தினம் பாத்துக்கிட்டே உள்ள போங்க."

அடுத்த வாரம் ஒரு காலையில் மூத்தவர் சுவர்ப் பட்டியலில் 997-க்குக் கீழே 1009 என்று அழுத்தி எழுதினார். முதுகுக்குப் பின்னால் இளையவரின் குரல் கேட்டது.

"ஆயிரத்துப் பதிமூணையும் எழுதிடுங்க."

"தேவையில்ல. அந்த எண்ணோட வர்க்கமூலம் ஆயிரத்துப் பதினொண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல வகுத்துப் பாக்கறவன் மடையன்."

"இதைப் போன மாசமே யோசிச்சிருக்கலாம்."

"நீ போன மாசமே சொல்லியிருக்கலாம்."

புதுத் தலைவர் ஒன்பது மணிக்கு வந்தார். இருவரும் ஒன்றாக எழுந்து வணக்கம் வைத்தார்கள்.