வால்வுக்கு எதிர்ப்பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கொலைக்காகப் பிறந்தது.

வாரப் பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். "ஒரு கொலை வேணும். கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம், படிக்கிறவங்களுக்குச் சலிச்சுப் போச்சு. புதுசா ஏதாவது பண்ணுங்க." சரி என்றேன். இத்தனை வருஷத்தில் நான் மாட்டேன் என்று சொன்ன கொலையே கிடையாது.

என் வீட்டுக்குக் கீழே பந்தய சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. மாடிப்படி முழுக்கப் பசை வாடை. இறங்கிப் போய் மெக்கானிக்கிடம் கேட்டேன்: "டயரை ஒட்டாத மாதிரி ஒட்ட முடியுமா?"

அவர் சக்கரத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒட்டாத மாதிரி ஒட்டுறதுதான் சார் பாதிப் பேர் பண்றது. ஒட்டுற மாதிரி ஒட்டச் சொல்லுங்க, அதுதான் கஷ்டம்."

பந்தய டயர்களில் ஒரு வகை உண்டு. ட்யூபை உள்ளே வைத்தே தைத்துவிடுவார்கள். அதைக் கவ்விப் பிடிக்க ரிம்மில் விளிம்பு கிடையாது, பசை மட்டும்தான். மலையிலிருந்து பாய்ந்து இறங்குகிற ஒரு ஆளின் உயிர் ஒரு பூச்சுப் பசையில்! படியேறும்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை. கொலை கிடைத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்:

அவள் கையில் பசை இருந்தது. கண்ணில் பழி இருந்தது. நாளைக் காலை இந்தச் சக்கரம் சுழலும்போது

(விட்டுவிட்டேன்.)

இரண்டாவது:

"அக்கா, ரெடியா?" என்ற குரல் கேட்டதும் அவள் உதட்டோரம் ஒரு விஷப் புன்னகை

(இதுவும் இல்லை.)

கொலைகாரி என்று நினைத்துத்தான் அவளைப் பட்டறையில் உட்காரவைத்தேன். ஒரு சைக்கிள் குழுவின் சக்கர மெக்கானிக். மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா. ஒரு துணியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கொடுத்தேன். ரிம்மைத் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தாள். பழைய பசையின் கடைசித் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து ஊதினாள். கொல்லப்போகிறவள் இப்படியா துடைப்பாள்? கதை என் கையை விட்டுப் போனது அங்கேதான்.*

* ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் 'பெண்ணா, பாம்பா?' என்று விளம்பரமே போட்டுவிட்டார்.

3

அவள் யாருக்காகத் துடைக்கிறாள் என்று பார்த்தேன். தம்பிக்காக. கூடப் பிறந்தவன், அதே குழுவில் ஓட்டுகிறான்.

போன பந்தயத்தில், மலையேற்றத்தில் அவனுக்குப் பஞ்சர். உதவி வண்டி பின்னால் எங்கோ. சீட்டுக்கு அடியில் மாற்று டயர் இருந்தது. பஞ்சரானதைப் பிய்த்து எடுத்தால் போதும். ஆனால் ஒட்டியது அக்கா ஆயிற்றே. இழுத்தான். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்துக்கூடப் பார்த்தான். எல்லோரும் தாண்டிப் போனார்கள். அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: அடுத்த பந்தயத்திலும் பின்தங்கினால் குழுவில் இடமில்லை.

இப்போது அவள் பசை தடவ உட்காருகிறாள். அவன் வாசலில் சாய்ந்து நிற்கிறான். விரலில் இன்னும் கட்டு.

"நீ ஒட்டினா ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாதுக்கா."

"அதுக்குத்தானேடா சம்பளம் தர்றாங்க."

"எல்லா மெக்கானிக்கும் வால்வுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் பசை போடாம விடுவாங்க. விரலை விட்டு இழுத்தா சட்டுனு வந்துரும். நீ மட்டும்தான் முழுசாச் சுத்தி ஒட்டுற."

"அவங்க யாரும் தம்பிக்கு ஒட்டலையே."

"அந்தத் தம்பியைத்தான் டீமை விட்டுத் துரத்தப்போறாங்க." கட்டுப்போட்ட கையை ரிம்மின் மேல் வைத்தான். "இவ்வளவு விடு. நாலு விரல் போகணும்."

"ரெண்டு விரலே ஜாஸ்திடா."

"இந்தக் கையைப் பாத்துச் சொல்லு."

பார்த்தாள். (இங்கே அவள் மனப்போராட்டம் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். போராட்டமெல்லாம் இல்லை. நகம் போன விரலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.) தூரிகை வால்வில் தொடங்கி இரு பக்கமும் சுற்றி வந்து, எதிர்ப்பக்கத்தில், நாலு விரல் இடம் விட்டு நின்றது.

4

பந்தயக் காலை. சக்கரத்தை மாட்டுமுன் டயரைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பது அவள் பழக்கம். தள்ளினாள். அசையவில்லை. காற்று நிறைந்திருக்கிறவரை டயர் தானே ரிம்மை இறுக்கிக்கொள்ளும். அதில் பெருமை ஒன்றுமில்லை. பஞ்சராகித் தட்டையான பிறகும் விடாமல் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் பேச்சு. விட்டால் ஓட்டுகிறவன் தரையில்.

வால்வைத் திறந்து காற்றை விட்டாள். மறுபடி தள்ளினாள். நாலு விரல் இடத்தில் டயர் எழும்பியது. அதோடு நிற்காமல், பக்கத்துப் பசையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. துணி கிழிகிற சத்தம்.

ஏற்றத்தில் பஞ்சரானால் இந்த இடைவெளி அவனைக் காப்பாற்றும். இறக்கத்தில், ஒரு வளைவில் பஞ்சரானால், இதே இடைவெளி அவனைத் தூக்கி எறிந்துவிடும். அவள் ஓடிப்போய் முழுக்க ஒட்டிய பழைய சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இதைப் போட்டுக்கோ."

"அதுக்கு என் கையை வெட்டிடு."

"டேய், வளைவுல பஞ்சரானா டயர் நிக்காதுடா!"

"வளைவுலதான் பஞ்சராகும்னு யார் சொன்னா?" பழைய சக்கரத்தை ஒதுக்கிவிட்டு, இடைவெளி விட்ட டயருக்கே காற்றடித்துத் தானே மாட்டினான். "மேனேஜர்கிட்ட மட்டும் வாயத் திறந்தே, இன்னையோட எனக்கு அக்கா இல்ல."

மேனேஜர் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். விசில் ஊதிவிட்டார்கள்.

5

யார் சொன்னா என்று கேட்டான் பாருங்கள், அதற்குப் பதில் எனக்குத்தான் தெரியும். அந்தப் பாதையில் கண்ணாடிச் சில்லை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவன் நான். ஆசிரியர் கேட்ட கொலைகாரன் ஒருவழியாகக் கிடைத்துவிட்டான்.

முடிவு அ. சில்லு ஏற்றத்தில். டயர் சட்டென்று கையோடு வருகிறது, மாற்று டயரை மாட்டுகிறான், சிரிக்கிறான். ஆனால் நடுரோட்டில் புதுப் பசைக்கு எங்கே போவது? மிச்சப் பிசுபிசுப்பில் தொற்றிக்கொண்டிருக்கிற டயரோடு உச்சியைத் தாண்டுகிறான். அந்தப் பக்கம் இறக்கம்.

முடிவு ஆ. சில்லே இல்லை. நல்லபடியாக வந்துசேர்கிறான். "பாத்தியா? இனிமே எப்பவும் இப்படியே ஒட்டுக்கா" என்கிறான். அவள் அடுத்த பந்தயத்துக்குப் பசை டப்பாவைத் திறக்கிறாள்.

முடிவு இ. அவள் மேனேஜரைக் கூப்பிட்டுவிடுகிறாள். தம்பி பிழைத்துக் கிடக்கிறான், அவளோடு பேச்சு இல்லை. மனசார எழுத விரும்பியது இதைத்தான். எத்தனை தடவை அவள் வாயில் 'சார்' என்று வைத்தாலும் விழுங்கிவிடுகிறாள். என் பாத்திரம்தான், என் பேனாதான்; என்ன பிரயோஜனம்?

6

அவள் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கட்டைவிரலில் ஒட்டிய பசையில் ஆள்காட்டி விரலை வைக்கிறாள், பிரிக்கிறாள், வைக்கிறாள். எல்லோரும் உச்சியைத் தாண்டிவிட்டார்கள் என்று செய்தி. மேனேஜரின் வாக்கிடாக்கி கரகரக்கிறது. அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்கிறார். அவள் பக்கம் திரும்புகிறார்.

"அக்கா, உங்க தம்பி

இந்த இடத்தில் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. வாராவாரம் நிறுத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் அடுத்த வரி என் சட்டைப்பையில் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் உங்களைத் தவிக்கவிட்டேன். இன்று தடவிப் பார்க்கிறேன். வரி இல்லை. சில்லு மட்டும்தான் இருக்கிறது, விரலைக் குத்துகிறது.

பிடியுங்கள். ஏற்றமோ, இறக்கமோ, வளைவோ, உங்கள் இஷ்டம். போடுவதற்கு முன் அவளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அவளுடைய இரண்டு விரல்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இழுத்துப் பார்க்கிறாள்.

வரவில்லை.