ஆண்டவரோடு டூ

உபதேசியார் மணிராஜுக்கு ஒரு பழக்கம். விண்ணப்பச் சீட்டுகளை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெட்டியைத் திறப்பார், சீட்டை விரிப்பார், ராகம் போட்டு வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சபை, "கேட்டருளும் ஆண்டவரே" என்று ஒரே மூச்சில் சொல்லும். என்ன வாசித்தோம் என்று அவருக்கும் தெரியாது, எதற்குச் சொன்னோம் என்று சபைக்கும் தெரியாது.

கழுகுமலைப் பக்கத்துக் கரிசலில் இருக்கிற அந்தச் சின்னச் சபையில் ஜெபக்கனியின் ஜெபத்துக்குத் தனி மவுசு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அவள் கண்ணை மூடினால் சாத்தூர் பக்கம் போன மேகம் பிரேக் போட்டுத் திரும்பும். தீராத தலைவலி அவள் வாசலில் செருப்பை விட்டுவிட்டே ஓடிப்போகும். காடுகரை வைத்திருக்கிற வடக்குத் தெருக்காரர் வீட்டில் பிரசவமா, பரீட்சையா, முதலில் ஆள் வருவது தெற்குத் தெரு ஜெபக்கனியிடம்தான்.

அன்றைக்குக் கடைசிச் சீட்டு. மணிராஜ் ராகத்தை எடுத்தார்.

"ஆண்டவரே, அடுத்த வாரம் அசனம். சபை மொத்தமும் சேந்து ஆக்கித் திங்கிற பண்டிகைன்னு பேரு. வெறகு பொளக்கிறதும் அண்டா கழுவுறதும் எங்க தெரு. எலை போட்டா வடக்குத் தெருவுக்கு மொதப் பந்தி, அவிய எந்திரிச்ச பெறகு எங்களுக்கு. என் ஜெபத்துல ஒட்டாத சாதி என் எலையில மட்டும் ஒட்டுதாம். முப்பத்தெட்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கீரு. ஒமக்குத் தெரியலன்னா நீரு என்ன ஆண்டவரு? தெரிஞ்சும் சும்மா இருக்கீருன்னா எனக்கு எதுக்கு ஆண்டவரு? எங்க தெருவும் மொதப் பந்தியில உக்காரணும். நீரு பதில் சொல்லுத வரைக்கும் ஒம்மோட டூ. இப்படிக்கு ஜெபக்கனி."

பாதியிலேயே மணிராஜுக்கு விஷயம் உறைத்துவிட்டது. ராகம் நின்றால்தானே! சபையும் பழக்கம் மாறாமல், "கேட்டருளும் ஆண்டவரே" என்றது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் வடக்குத் தெரு ஜெயபாண்டி, கமிட்டித் தலைவர்.

அப்புறம் விழுந்த அமைதியில், வெளியே ஆடு அசைபோட்ட சத்தம் திருநெல்வேலி வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த வாரம் ஜெபக்கனி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. பரீட்சைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களிடம், "பேச்சுவார்த்தை இல்லாத ஆளுகிட்ட எப்பிடிச் சிபாரிசு பண்ண?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். மணிராஜே நேரில் போனார்.

"யக்கா, ஆண்டவரச் சந்தேகப்படலாமா?"

"இருக்காரோன்னு நெனைக்கப்போயித்தான கேக்கேன் உபதேசியாரே. ஆளில்லாத வீட்டுல எவனாவது கதவத் தட்டுவானா?"

"தட்டுனது போதும்லா?"

"அவரோட பேசாம எனக்கு மட்டும் சோறு எறங்குதாக்கும்?" என்றாள். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. மணிராஜ் திரும்பி வந்துவிட்டார்.

அசனத்தன்று மணி அடித்த நொடியில், தெற்குத் தெரு அறுபது பேரும் ஜெபக்கனி பின்னால் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

ஜெயபாண்டி ஓடிவந்தார். "ஏட்டி, யாரைக் கேட்டு உக்காந்த?"

"ஆண்டவரத்தான் அண்ணாச்சி. எங்களுக்காக நீங்களும் கேட்டீங்கள்லா, 'கேட்டருளும்'னு? ஒங்க சத்தத்துலதான் கூரை ஓடே எந்திரிச்சு ஒக்காந்துச்சு!"

பந்தல் கொல்லென்று சிரித்தது. வடக்குத் தெரு இளவட்டங்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். ஜெயபாண்டி வேட்டியை உதறிக்கொண்டு வெளியேற, பின்னாலேயே பதினைந்து குடும்பம் போனது. அவர் மனைவி பிரேமலதா மட்டும் நாலு எட்டு நடந்து நின்றாள். திரும்பி வந்து ஜெபக்கனிக்குப் பக்கத்து இலையில் சம்மணம் போட்டாள். அவளைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்தார், அப்புறம் நாலு பேர். ஆட்டுக்கறி வாசனையும் கொஞ்சம் கையைப் பிடித்து இழுத்தது என்று வையுங்கள்.

இருபது வருஷமாக உபதேசியார் உத்தியோகம் பார்க்கிறோமே, ஆண்டவரிடம் ஒரு தடவையாவது இவ்வளவு பக்கத்தில் போய்ச் சண்டை போட்டிருக்கிறோமா என்று இருந்தது மணிராஜுக்கு.

"யக்கா, நீங்களே ஜெபம் பண்ணுங்க. அதான் எடம் கெடச்சாச்சுல்லா?"

"எடம் பிடிச்சது நாங்க. எந்திரிச்சுப் போனவியளும் அவரு பிள்ளைங்கதான? அவரு இன்னும் வாயத் தொறக்கல. நீங்க பண்ணுங்க, கறி ஆறுது."

மணிராஜ் கண்ணை மூடினார். ராகம் வரவில்லை. தட்டுத்தடுமாறி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பந்தி முழுக்கத் தலை குனிந்திருந்தது. ஜெபக்கனி மட்டும் நிமிர்ந்து, கண் கொட்டாமல், பந்தலுக்கு மேலே யாரையோ நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள்.