குறிஞ்சியைக் கையோடு அழைத்துவரப் போனவன்

அட்டுவம்பட்டிப் பூவிழாவுக்குக் குறிஞ்சியை அழைக்கப் போன குமாரவேல், அது கிளம்பட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவன் போனது 1971 செப்டம்பர் முதல் வாரம். குறிஞ்சி கிளம்பப் பதினோரு வருடம் ஆயிற்று.

அந்த விழாவைத் தொடங்கியது யார் என்பதற்கு ஊரில் நான்கு கதைகள் உண்டு. நான்கிலும் தொடங்கியவர், கதை சொல்கிறவருடைய தாத்தாதான். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை மாதா கோயில் மைதானத்தில் நடக்கும். பூவைப் பறித்துக் கூடையில் கொண்டுவரும் வழக்கம் அங்கே கிடையாது. விசேஷத்துக்குச் சொந்தக்காரர்களை அழைப்பதுபோல வெற்றிலை பாக்குத் தட்டோடு செடி செடியாகப் போய் நேரில் அழைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் தேர்ந்தெடுப்பார்கள். அழைப்புக்காரர்கள் என்று பெயர். முறையாக அழைத்துவிட்டால் சனிக்கிழமை காலையில் பூக்கள் தாமாகவே காம்பை விட்டுக் கிளம்பி, முழங்கால் உயரத்தில் சாலையோரமாக மிதந்து வரும். டேலியாதான் எப்போதும் முதலில். ஆடலூர்க் காப்பிப்பூ, பருவம் இல்லாவிட்டாலும், முறைக்கு நாலைந்து பேரை அனுப்பி வைக்கும். கன்னிவாடி மல்லிகைக்கு மலையேற்றம் ஒத்துக்கொள்ளாது. அது பஸ் கூரையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேரும். சாயங்காலம் எல்லாம் அவரவர் காம்புக்குத் திரும்பிவிடும்.

1970இல் ஒரு தவறு நடந்தது. அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும், குறிஞ்சி பூக்கிற வருடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க மறந்துபோவதுபோல, கூடவே இருக்கிற குறிஞ்சியைத் தனியாகப் போய் அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விழாவன்று மைதானத்துக்கு ஒரு குறிஞ்சிகூட வரவில்லை. சுற்றிலும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. ஊருக்கு அவமானமாகப் போய்விட்டது.

மறு வருடம் அழைப்புக்காரர்கள் ஆனவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்து பேக்கரியில் வேலை பார்த்த ஜோசப்பினும், பழக்கடை குருநாதன் மகன் குமாரவேலும். அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபது. குறிஞ்சியைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு குமாரவேலுக்கு வந்தது. என்ன சொல்லி அழைப்பது என்று அவன் விழித்தபோது, சொல்லிக் கொடுத்தவள் ஜோசப்பின்தான்.

"சும்மா வாங்கன்னா வராது. ஏற்கெனவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கும். கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்னு சொல்லு" என்றாள்.

அவனும் அப்படியே சொன்னான். ஆனால் குறிஞ்சிப் புதர் ஒருமுறை பூத்ததும் காய்ந்துவிடுகிற சாதி. அவன் தட்டை நீட்டியது காய்ந்த குச்சிகளிடமும் மண்ணுக்குள் கிடந்த விதைகளிடமும்தான். கையோடு கூட்டிப்போக வந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு எழுந்து வருவது எந்த வீட்டிலும் மரியாதையாகாது. எனவே அவன் அந்த மலைச்சரிவிலேயே உட்கார்ந்தான். குருநாதன் போய்த் திட்டிப் பார்த்தார், அழுது பார்த்தார், கடைசியில் மகன் பக்கத்தில் ஒரு குடையை ஊன்றி வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

அந்தக் குடை மூன்று மழைக்காலம் தாங்கியது. குமாரவேல் அப்படியே இருந்தான். முடி வளரவில்லை, நகம் வளரவில்லை, தட்டில் இருந்த வெற்றிலை வாடவில்லை. விதைகள் முளைத்தன, செடியாயின, அவன் முழங்கால்வரை வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஜோசப்பின் நாலு பன்னைத் தாளில் சுற்றிக்கொண்டு சரிவேறிப் போவாள். "இன்னும் கெளம்பலயா?" என்று கேட்பாள். "கெளம்பிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்பான் அவன், உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருக்கும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. ஒரு பன்னை எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பிக் கொடுப்பான்.

அவளுக்கு அவன்மேல் ஆசை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஊர் முழுக்கத் தெரியும். தன் வாயால் சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தை அவனை அங்கே கட்டிப்போட்டுவிட்டதே என்ற வேதனையும் கூடவே இருந்தது. வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தாள். வருடாவருடம் வேறு பையனைச் சேர்க்கலாம் என்று ஊர் சொன்னபோது, போனவன் வரட்டும் என்று சொல்லித் தானே தனியாக அத்தனை பூக்களையும் அழைத்தாள். 1978இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பன்னை நீட்டியதும் அவன், இயல்பாக, "வெச்சிட்டுப் போங்கக்கா" என்றான். அவளுக்கு அப்போது இருபத்தாறு. அவன் முகத்தில் இன்னும் இருபது. அன்று சரிவிலிருந்து இறங்குகிற வழியெல்லாம் அவள் அழுதாள்.

1980இல் சுற்றுலா அலுவலகத்திலிருந்து திருமலைச்சாமி என்ற அதிகாரி வந்தார். பூக்கள் வருவதை நின்று பார்த்தார், இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இதை அரசு விழாவாக அங்கீகரிக்கப் பரிந்துரை செய்கிறேன் என்றார். அங்கீகாரம் வந்தால் ரோடு வரும், குழாயில் தண்ணீர் வரும். அழைப்புக்காரர்கள் என்ற பெயரை அவர் இளைஞர் தூதர்கள் என்று மாற்றி எழுதிக்கொண்டார். இரண்டு தூதர்கள் வேண்டும், வயது பதினைந்துக்கு மேல் இருபத்தைந்துக்குள், விழாவன்று இருவரும் நேரில் நிற்க வேண்டும். அது விதி.

விழாக் கமிட்டித் தலைவர் ஆரோக்கியதாஸ், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், ஜோசப்பினைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தப் பையன் பேரை அடிச்சிட்டு வேற ரெண்டு சின்னஞ்சிறுசுகளப் போட்டு அனுப்பிரலாமே. ஊருக்கு நல்லதுதான?"

"பேரை அடிச்சா அழைப்பும் அடிபட்டுப் போகும் சார். அப்புறம் அவரு யாரு வீட்டு விசேஷத்துக்காக அங்க உக்காந்திருப்பாரு? எங்கன்னு எந்திரிச்சு வருவாரு?"

ஆரோக்கியதாஸ் பழைய பெயர்களையே எழுதி விண்ணப்பத்தை அனுப்பினார். அந்த வருடமும் அடுத்த வருடமும் விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் ஜோசப்பினோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒருத்திக்காக ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அலையணுமா என்று குழாயடி இல்லாத தெருக்களில் சத்தமாகவே பேசினார்கள். அவள் பன்னைச் சுற்றிக்கொண்டு சரிவேறினாள். 1982இல் திருமலைச்சாமி, இந்த முறையும் ஆள் நிற்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவேன் என்று எழுதினார். எதிர்மலைகள் ஆகஸ்டிலேயே நீலமாகிவிட்டன. குமாரவேல் உட்கார்ந்திருந்த சரிவில் மட்டும் மொட்டாகவே நின்றது.

அந்த வருடமும் இரண்டாவது சனிக்கிழமை பதினொன்றாம் தேதிதான், 1971இல் விழுந்ததுபோலவே. டேலியா வந்தது. ஃபியூஷா வந்தது. திருமலைச்சாமி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரைக்குச் சரிவு நீலமாயிற்று. பத்து மணிக்கு அந்த நீலம் இறங்கத் தொடங்கியது. முன்னால் தட்டை ஏந்தியபடி குமாரவேல் நடந்து வந்தான்.

அந்தப் பாதையில் பதினொரு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவனை மேகம் மூடும், திறக்கும். மூன்றாவது வளைவில் மீசை தடித்திருந்தது. ஆறாவதில் தோள் அகன்றிருந்தது. எட்டாவதில் நெற்றி ஏறியிருந்தது. இத்தனை நாள் காக்கவைத்த குறிஞ்சி, வெறுங்கையோடு விருந்துக்குப் போகக் கூடாதென்று, அவனுடைய வருடங்களைக் கையோடு எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் கால் வைத்தபோது அவனுக்கு முப்பத்தொன்று.

திருமலைச்சாமி தம் கண்ணால் பார்த்ததை மறுக்கிறவர் இல்லை, விதியை மீறுகிறவரும் இல்லை. வயது என்ற இடத்தில் இருபது, பத்தொன்பது என்று எழுதி, 'தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில்' என்று பக்கத்தில் சேர்த்தார். ஜனவரியில் ஆணை வந்தது, மார்ச்சில் குழாய் வந்தது. விழா இன்னும் நடக்கிறது. இப்போது குறிஞ்சியிடம் போகிறவர்கள், சௌகரியப்பட்டபோது வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

ஜோசப்பின் அன்று ஆணையைப் பற்றி நினைக்கவில்லை. வருகிறவர்களை வரவேற்கச் சொம்பில் தண்ணீரோடு மைதானத்து வாசலில் நின்றாள். தன் காதோரத்து நரையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அக்கா என்று கூப்பிட்டுவிடுவானோ என்ற ஒரே பயம்தான் அவளுக்கு. குமாரவேல் அவளுக்கு முன்னால் வந்து நின்று, வாடாத வெற்றிலைத் தட்டை அவள் கையில் கொடுத்தான்.

"ஏ ஜோசப்பின், என்ன மலைச்சுப் போயி நிக்கிற? வெரசா தண்ணி குடு. ரொம்பத் தூரம் நடந்து வந்திருக்காங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் சாலை கொள்ளாமல் நின்ற குறிஞ்சிகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.