லேடீஸ் ரூம், ஜென்ட்ஸ் ரூம்

விஜயபாஸ்கர் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்ப் புருஷனும் செய்திருக்க மாட்டான். துபாயில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்குத்தான் அது கைவரும். செய்துவிட்டு வெட்கப்பட்டானா என்றால் அதுவும் இல்லை, பெருமையாக வேறு நின்றான்.

அவன் லிப்ட், எஸ்கலேட்டர் மெக்கானிக். பெண்டாட்டி ஜோதிமணி அல் ஐனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரவர் கம்பெனி அவரவருக்கு இலவசமாகக் கட்டில் கொடுத்திருந்தது. அவளுக்கு நர்ஸுகள் தங்கும் கட்டடத்தில் நாலு பேர் அறையில் ஒன்று, அவனுக்கு துபாய் சத்வாவில் எட்டுப் பேர் அறையில் ஒன்று. சும்மா கிடைக்கிற கட்டிலை விட்டுவிட்டுத் தனி வீடு எதற்கு என்று ஆரம்பத்தில் இருவருமே பேசிவைத்துக்கொண்டதுதான். கல்யாணமாகி நாலு வருஷம் ஓடிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பார்க்கில் உட்கார்ந்து, ஷாப்பிங் மாலைச் சுற்றி, எதையாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இதற்குப் பேர் குடும்பம்.

அதனால், "ஈத் லீவுக்கு ஐரோப்பா போலாமா ஜோதி?" என்று அவன் கேட்டபோது அவள் கண்ணில் தெரிந்தது ஐரோப்பா இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவுதான் தெரிந்தது. மூன்று ராத்திரி, ஒரு கதவு, தாங்கள் இரண்டு பேர். அதற்காக டூட்டி மாற்றிக் கேட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐரோப்பா என்றால் திபிலிசி, ஜார்ஜியாவின் தலைநகரம். விமானத்தில் மூன்றரை மணி நேரம். அது ஐரோப்பாவா ஆசியாவா என்று சத்வா ரூமில் ஒரு வாரம் வாய்ச்சண்டை. குளிரும் கல் பதித்த தெருவும் பழைய சர்ச்சும் இருந்தால் ஐரோப்பாதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு விஜயபாஸ்கர் டிக்கெட் போட்டான். தங்குமிடத்தையும் அவனே பார்த்துக்கொண்டான். எங்கே என்று அவள் கேட்டதற்கெல்லாம், "வந்து பாரு" என்று ஒரே பதில்.

வந்து பார்த்தாள். இரவல் வாங்கிய முதுகுப் பைகளோடு, மரப் பால்கனிகள் தெருவை எட்டிப் பார்க்கும் ஒரு சந்தில் ஏறி, ஹாஸ்டல் வரவேற்பு மேசை முன்னால் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். நீனோ என்ற பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு இரண்டு அட்டைகளை நீட்டினாள்.

"மேடத்துக்கு முதல் மாடி, பெண்கள் அறை. சாருக்கு மூன்றாவது மாடி, ஆண்கள் அறை."

ஜோதிமணிக்குப் புரியவில்லை. விஜயபாஸ்கர் முகம் மலர்ந்து திரும்பினான்.

"லேடீஸ் ஒன்லி ஜோதி. நாலே பேரு. பாத்ரூம் உள்ளயே இருக்குது. ரேட்டிங் ஒன்பது புள்ளி நாலு. நாப்பது ஹாஸ்டல் பாத்து எடுத்தேன் உனக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, பன்னெண்டு பேரு ரூமு. அது கெடக்குது."

நீனோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் அண்ணன் தங்கையா?" என்று கேட்டாள்.

"புருஷன் பெண்டாட்டி," என்றாள் ஜோதிமணி.

"பிறகு ஏன்?" என்றாள் நீனோ. பாவம், அந்தப் பெண் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அப்போதுதான் விஜயபாஸ்கருக்கு உறைத்தது. முகம் செத்துப் போயிற்று. பத்து வருஷமாக துபாயில் இடம் தேடுகிறவன் முதலில் அமுக்குவது லேடீஸா ஜென்ட்ஸா என்ற பட்டனைத்தான். ஊர்பேர் தெரியாதவனுக்குக்கூட அவன் அப்படித்தான் கட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறான். கை பழக்கத்தில் போயிற்று, மனசு கூடவே போகவில்லை. இருவர் தங்கும் தனி அறை இருக்கிறதா என்று தட்டுத் தடுமாறிக் கேட்டான். இருப்பது ஒன்றுதான், அதில் ஒரு ஜோடி இருக்கிறது, நாளை மறுநாள் கிளம்பினாலும் கிளம்பலாம், ஈத் என்பதால் பாதி வளைகுடா இங்கேதான் இருக்கிறது என்றாள் நீனோ.

ஜோதிமணி அட்டையை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனாள். சுவரோரம் இரண்டே அடுக்குக் கட்டில்கள், கீழ்க் கட்டிலைச் சுற்றித் துணி கட்டி மறைத்திருந்தார்கள், கம்பியில் ஈரத் துண்டுகள். அச்சு அசலாக அல் ஐன். இதைப் பார்க்க விமானம் ஏறி வந்தோமே என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. கீழ்க் கட்டிலில் படித்துக்கொண்டிருந்த ஈரான்காரி ஷிரின் புத்தகத்தை மூடிவிட்டு என்னவென்று விசாரித்தாள்.

"என் வீட்டுக்காரர் மூணாவது மாடியில இருக்கார்."

ஷிரின் முழுக் கதையையும் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு பிஸ்தா பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

காலையில் ஜோதிமணி சமையல்கூடத்துக்குப் போனபோது விஜயபாஸ்கர் குளித்து முடித்து, விபூதி வைத்து, டீ போட்டுக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கே எழுந்து பாத்ரூம் வரிசையில் இடம் பிடிக்க ஓடியிருக்கிறான். வரிசையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"கோவமா?"

"டீயக் குடுங்க."

அன்று ஊரைச் சுற்றினார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஊர் அழகாகத்தான் இருந்தது. ஆற்றங்கரைப் பாறை விளிம்பில் வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. திராட்சைப் பாகில் முக்கியெடுத்த வாதுமைக்கொட்டைச் சரங்கள் கடை வாசலில் தொங்கின. விஜயபாஸ்கர் சொக்கிப்போனது மெட்ரோ எஸ்கலேட்டரில்தான். அடி பாதாளத்துக்கு இறங்கும் அத்தனை நீளமான படிகளை அவன் துபாயில் பார்த்ததே இல்லை. இறங்கினான், ஏறினான், மறுபடி இறங்கினான். கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டான். "எந்தக் காலத்து மோட்டார் ஜோதி இது, சும்மா ஜம்முன்னு ஓடுது பாரேன்," என்று அவள் காதோரம் சொல்லி நடுவழியில் அவன் மலர்ந்து நின்றதைப் பார்த்தபோது, கோபமாக இருப்பது அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மத்தியானம் ரோப் காரில் ஏறிக் கோட்டைக்குப் போனார்கள். கீழே நகரம் முழுக்க ஓட்டுக் கூரைகள். ஒவ்வொரு கூரைக்கும் அடியில் ஒரு கதவு இருக்கும், தாழ்ப்பாளும் இருக்கும். இவ்வளவு வீடு கட்டிவைத்திருக்கிறார்களே என்று எண்ணியபோது, ராத்திரியிலிருந்து நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"மாமா, நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். தப்பாக அமுக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"தோணல ஜோதி," என்றான். "ரூம் தேடுனாலே உனக்குப் பத்திரமா இருக்கணும்னுதான் தோணும். நீ அல் ஐனுக்கு வந்தப்ப அந்த ஆஸ்பத்திரி கட்டடத்த நாலு தடவ வந்து சுத்திப் பாத்துட்டுப் போனேன், உங்கிட்டச் சொல்லல. நானும் கூட இருக்கறாப்பல ஒரு எடம்... அப்படி யோசிக்கவே மறந்து போச்சு."

அவளுக்கு அவன் மேல் இரக்கமும் பயமும் ஒன்றாக வந்தது. இன்னும் ஆறு வருஷம் போனால் தானும் இப்படித்தான் மறந்துபோவோம் என்ற பயம். அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வந்தான். அன்று ராத்திரியும் அவள் முதல் மாடி, அவன் மூன்றாவது மாடி.

கடைசி நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு நீனோ உதட்டைப் பிதுக்கினாள். மழையைப் பார்த்துவிட்டு அந்த ஜோடி இன்னும் இரண்டு நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டதாம். மறுநாள் விடிந்தால் விமானம். மூன்று ராத்திரியில் மிச்சமிருந்த ஒன்றும் போயிற்று. ஜோதிமணி, "சரி, பரவால்ல" என்றாள். பரவாயில்லை என்று அவள் குரலில் இல்லை.

திரும்பிப் பார்த்தால் விஜயபாஸ்கரைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி ஆயிற்று. "மனுஷன் எஸ்கலேட்டர் பாக்கப் போயிட்டார்," என்று ஷிரினிடம் சொல்லிவிட்டுத் துணியை மடித்துப் பைக்குள் திணித்தாள். மடிக்கத் தேவையில்லாததையும் மடித்தாள். இந்த ஆளை நம்பி இனி ஒரு இடத்துக்கும் வரக்கூடாது என்று நாலாவது தடவையாக முடிவெடுத்தபோது, வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து அவன் நின்றான்.

"பைய எடு ஜோதி. ரூம் கெடச்சிருச்சு."

"எங்க?"

"வா, சொல்றேன். பதினேழு வீடு கேட்டேன். பாஷ ஒண்ணும் புரியல. ரெண்டு வெரலக் காட்டி, கன்னத்துல கை வச்சுத் தூங்கற மாதிரி காட்டிக் கேட்டேன். ஒரு வீட்ல நாய விட்டுட்டாங்க."

அவள் அவனுடைய கால்களைப் பார்த்தாள். நாய் கடித்த மாதிரி தெரியவில்லை. கூச்ச சுபாவி அவன், ஹோட்டலில் ரெண்டாவது சாம்பார் கேட்கக்கூட அவளைத்தான் முழங்கையால் இடிப்பான். பதினேழு கதவைத் தட்டியிருக்கிறான்.

ரொட்டிக் கடை ஒன்றின் மேல்மாடி அது. கடைக்காரி மனானா, சுவரில் மாவை அறைந்து சுடும் மண்ணடுப்பின் முன்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிமணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு விரலைத் தூக்கி விஜயபாஸ்கரிடம் காட்டினாள். அவனும் இரண்டு விரலைத் தூக்கினான். அவள் சாவியையும், கையைச் சுடும் ஒரு நீள ரொட்டியையும் கொடுத்து மேலே போகச் சொன்னாள்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். அடுப்புச் சூடு தரை வழியாக ஏறி அறை கதகதப்பாக இருந்தது. கதவை அவள்தான் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் தள்ளிப் போட வேண்டியிருந்தது.

"ஜோதி, இங்க வா! இங்க பாரு, ஆறு தெரியுது!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு கணம், வேறு யாரோ அறைக்குள் இருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். ஜன்னல் பக்கம் அவன்தான் நின்றான். கனத்த, நல்ல எடுப்பான குரல். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலே பேசலாம்.

"நீங்களா பேசுனீங்க?"

"பின்ன யாரு? ஏன்?"

"நீங்க எப்பவும் இவ்வளவு சத்தமாவா பேசுவீங்க?"

"ஆமா. சின்ன வயசுலேர்ந்தே தொண்ட பெருசுதான். ஊர்ல எல்லாரும் அதச் சொல்லியே..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? கல்யாணமான ஒரு மாச லீவில் பக்கத்து அறையில் மாமனார் மாமியார், மெல்லப் பேசினான். அதற்கப்புறம் போனில், ஏழு பேர் தூங்கும் ரூமில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு மெல்லப் பேசினான். பார்க்கில், பஸ்ஸில், மாலில் நாலு பேர் நடுவே மெல்லப் பேசினான். என் வீட்டுக்காரர் ரொம்ப சாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று நாலு வருஷமாக அவள் கூட வேலை செய்கிற நர்ஸுகளிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷனின் குரலை அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை மறைக்கவில்லை. அவன் பதறிப்போய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய குரலுக்கு இறங்கி, "என்னாச்சு ஜோதி, சத்தம் போட்டுட்டனா?" என்றான்.

"கொறைக்காதீங்க."

"என்ன?"

"கொரலக் கொறைக்காதீங்க மாமா. எது சொன்னாலும் அப்படியே சொல்லுங்க."

அவன் ஈரச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து பெரிய பாதியை அவளிடம் கொடுத்தான். ஆவி பறந்தது. வெளியே மழை விடுகிற மாதிரி இல்லை, பார்க்காத மியூசியங்கள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு பேருக்குமே இருந்தது.

"போனதும் வீடு பாக்கறேன்," என்றான். பாதிக் குரலில்தான் வந்தது.

"கேக்கல."

"வீடு பாக்கறேன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும். அல் ஐன்லயே பாக்கலாம், நான் தெனமும் பஸ்ல போய் வந்துக்கறேன்."

"இன்னும் சத்தமா."

விஜயபாஸ்கர் மூச்சை இழுத்துப் பிடித்து, சத்வாவில் இருக்கிற ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொன்னான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே மனானா விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இரண்டு இடி இடித்து அவள் பாஷையில் என்னவோ கத்தினாள். அவன் சட்டென்று வாயை மூடினான்.

"இடிக்கட்டும்," என்றாள் ஜோதிமணி. "நீங்க சொல்லுங்க."