இருபத்துமூன்று ஏழானது எப்படி

பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த காகிதத்தை வாங்கியதும் ரமாபாய் முதலில் பெயரைப் பார்த்தாள். சரியாக இருந்தது. வயது நாற்பத்தேழு, அதுவும் சரி. கீழே சி.ஏ. 15-3 என்ற வரியில் ஏழு என்று அச்சாகியிருந்தது.

இடது மார்பில் வந்த புற்றுக் கட்டியை எடுத்து, கீமோவும், கரண்டு வைத்தியம் என்று அவர்கள் சொல்லும் கதிர்வீச்சும் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டையார்பேட்டையில் இருந்த இந்தச் சின்னப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுப்பாள். அந்த வகைக் கட்டி திரும்ப வளர்ந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடும், அதைத்தான் அளக்கிறோம் என்று டாக்டர் ஷிஜி சொல்லியிருந்தார். முப்பதுக்குள் இருந்தால் கவலை இல்லை. இதுவரை இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்துமூன்று என்றே வந்துகொண்டிருந்தது. இப்போது ஏழு.

வாசலில் வண்டியோடு நின்ற அவள் கணவன் லட்சுமணன் காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"ஏழா? அப்பாடா. இனிமே உனுக்கு ஒன்னும் இல்லம்மே. வா, பிரியாணி துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்."

ரமாபாயும் சிரித்தாள், பிரியாணியும் சாப்பிட்டாள். ஆனால் வியாசர்பாடி வீட்டுக்கு வந்து பழைய காகிதங்களை எடுத்துப் படுக்கையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது அவளுக்கு ஏதோ இடறியது.

எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக லாரி எடை போடும் வேலை அவளுடையது. வண்டி மேடையில் ஏறும், திரையில் எடை விழும், அவள் பதிவு செய்வாள். ஒரே வண்டி திடீரென்று ஐந்து டன் குறைவாகக் காட்டினால் அவள் அதை நம்புவதில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பாள். பெரும்பாலும் பின்சக்கரம் மேடைக்கு வெளியே தரையில் நின்றுகொண்டிருக்கும்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பரிசோதனைக் கூடத்தில் இறங்கினாள். மெஷினைப் பார்த்துக்கொள்பவள் ஐரீன். ராயபுரத்துப் பெண், முப்பதைத் தாண்டியவள். கீமோ காலத்தில் ரமாபாயின் நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் திணறியபோது, ஒரே குத்தில் ரத்தம் எடுத்தவள் அவள்தான்.

"ஐரீன், இந்த ஏழு எப்டி வந்துச்சுன்னு பாத்துச் சொல்றியா?"

"கொறஞ்சா நல்லதுதானேக்கா. ஏறினாத்தான பயம்?"

"மூனு தபா இருவதுக்கு மேலயே நின்னுகினு இருந்துச்சு. டாக்டர் குடுத்த மாத்திரையும் அதே மாத்திரை. நானும் அதே ஆளு. எத்தினால கொறஞ்சிதுன்னு தெரியணும்ல?"

ஐரீன் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் குளிர்பெட்டியைத் திறந்து, நேற்றைய ரத்தத்தில் மிச்சம் இருந்த சின்னக் குழாயைத் தேடி எடுத்தாள். "இருங்க, இன்னொரு தபா ஓட்டிப் பாக்கலாம்."

இருபது நிமிடத்தில் வந்தது. மறுபடியும் ஏழு. அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு திரவத்தையும் ஐரீன் கூடவே ஓட்டியிருந்தாள். அதில் வரவேண்டிய எண் பிசகாமல் வந்தது.

"மெஷினு சரியாத்தான் கீதுக்கா."

"அப்போ என் ரத்தத்துலதான் எதுனா கீது," என்றாள் ரமாபாய்.

ஐரீன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாப்பாடு மாறவில்லை. காய்ச்சல் வரவில்லை. நாட்டு மருந்து இல்லை. வேறு டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஐரீன் பேச்சை மாற்றினாள்.

"முடி நல்லா வந்துடுச்சேக்கா. போன தபா ஸ்கார்ப் கட்டிகினு வந்தீங்க."

"அத்த ஏன் கேக்குற. எங்க யார்டுல ஜோதிகான்னு ஒரு பொண்ணு, முடிக்குன்னு ஒரு மாத்திரை வாங்கிக் குடுத்தா. டப்பால ஒன்னுதான் போட்டிருக்கு, சீக்கிரம் வளரணும்னு நான் காலைல ரெண்டு போட்டுக்குறேன்."

"நேத்தும் போட்டீங்களா?"

"போட்டுட்டுத்தான் வந்தேன். அது மருந்து இல்லியே, வெறும் வைட்டமினு."

ஐரீன் டப்பாவைக் கேட்டாள். ரமாபாய் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பயோட்டின், பத்து மில்லிகிராம். ஐரீன் மேசைக்கு அடியிலிருந்து சோதனை மருந்தோடு வரும் துண்டுத்தாளை இழுத்தாள். எட்டாக மடித்த, எறும்பு எழுத்தில் அச்சடித்த தாள். விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றாள். பயோட்டின் அதிகமாகச் சாப்பிடுபவர்களிடம், கடைசி மாத்திரைக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"இத்தினி வருசமா கீது இந்தத் தாளு. நான் முழுசாப் படிச்சதே இல்லக்கா," என்றாள் மெதுவாக.

"அந்த மாத்திரைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

ஐரீன் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "உங்க ரத்தத்துல இருக்குற அந்தப் பொருள மெஷினு ஒரு கொக்கியால புடிக்கும். அந்தக் கொக்கியோட வாலுல பயோட்டின் ஒட்டியிருக்கும். வாலு போய் பாசிமணி மாதிரி ஒரு சின்ன மணியில ஒட்டிக்கும். எவ்ளோ ஒட்டிச்சோ அத்த வெச்சு நம்பர் சொல்லும். நீங்க அதே பயோட்டின நெறய முழுங்கிட்டு வந்தா, அது முன்னாடியே போய் மணியில எடம் புடிச்சுக்கும். கொக்கிக்கு எடம் இல்ல. கழுவும்போது அப்டியே தண்ணில போயிடும். மெஷினு கம்மின்னு நெனச்சுக்கும்."

ரமாபாய்க்குப் புரிந்தது. புரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்து நின்றது. ஏழு பொய் என்றால் உண்மை என்ன? இருபத்துமூன்றாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம்.

டாக்டர் ஷிஜியிடம் போனில் சொன்னபோது, "ஒரு வாரம் அந்த மாத்திரையத் தொடாதீங்க, அப்புறம் ரத்தம் குடுங்க," என்றார். "இந்த நம்பர மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்றதில்ல. நேர்லயும் வாங்க, பாத்துடலாம்."

லட்சுமணனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நல்லதா ஒரு நம்பர் வந்துச்சு. அத்த எதுக்குத் தோண்டிகினு கீற? பேஜாரு."

"தோண்டலன்னா மட்டும் உள்ள இருக்குறது இல்லாமப் பூடுமா?"

அவன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவன்தான் அவளை யார்டுக்குக் கொண்டுபோய் விட்டான். மேடையில் வண்டிகள் ஏறி இறங்கின. ரமாபாய் எடையைப் பதிந்துகொண்டே தன் ரத்தத்தில் வால் வைத்த கொக்கிகள் மிதப்பதாக நினைத்துப் பார்த்தாள். பயம் இருந்தது. ஆனால் பயத்தை விட, அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் அவசரம்தான் அவளுக்கு அதிகமாக இருந்தது.

எட்டாம் நாள் ஐரீன் ரத்தம் எடுத்தாள். இருவரும் மெஷின் பக்கத்திலேயே நின்றார்கள். திரையில் எண் விழுந்தபோது ஐரீன்தான் முதலில் மூச்சை விட்டாள். இருபத்துநான்கு.

ரமாபாய்க்குக் கண் கலங்கியது. கூடவே, கைக்கு வந்த ஏழு என்ற எண்ணைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று ஒரு சின்னக் குறையும் மனதின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதைத் துடைத்துவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"ஐரீன், நாளைக்குக் காலைல ரெண்டு போட்டுகினு வரேன். மறுபடியும் கொறயுதான்னு பாக்கலாமா?"

"எதுக்குக்கா? அதான் தெரிஞ்சுபோச்சே."

"மாத்திரைதான் காரணம்னு நாம நெனக்கிறோம். கண்ணால பாக்கலியே."

ஐரீன் சிரித்துவிட்டாள். கூடத்தின் முதலாளியிடம் கேட்டு, இது எங்கள் சொந்தச் சோதனை என்று சொல்லி அனுமதி வாங்கினாள். மறுநாள் காலை ரமாபாய் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து கையை நீட்டினாள். திரையில் எட்டு வந்தது. இரண்டு பெண்களும் பரீட்சையில் பாசானவர்கள் போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஷிஜி அவளைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்த வாரத்திலிருந்து கூடத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில், முடிக்கோ நகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஐரீன் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். முதல் மாதத்திலேயே நான்கு பேர் ஆமாம் என்று எழுதினார்கள். அதில் ஒருவர் திருவொற்றியூரிலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஃபாத்திமா. தைராய்டு எண் ஏன் தாறுமாறாக வருகிறது என்று ஒரு வருடமாகக் குழம்பிக்கொண்டிருந்தவர்.

ஐரீன் இதைப் போனில் சொன்னபோது ரமாபாய் யார்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐரீன், இன்னொன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு," என்று ஆரம்பித்தாள். "முப்பதுக்குள்ள இருந்தா சரின்றாங்களே, அந்த முப்பத யாரு வெச்சது? யார் யார் ரத்தத்த அளந்து பாத்து வெச்சாங்க?"

மறுமுனையில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"தெர்லக்கா," என்றாள் ஐரீன். "இருங்க, அந்தத் தாள எடுக்குறேன்."