கீரப்பாளையத்துக்குக் கஞ்சி குடிக்க வந்த விமானம்

பஸ் கண்டக்டர் தங்கராசு தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கு எழும்பியது, கீரப்பாளையம் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை போட ஆரம்பித்த வாரத்தில். கோதுமையை எப்படிச் சமைப்பது என்பதே அப்போது ஊரின் பெரிய கவலையாக இருந்ததால், ஒரு ஆள் அந்தரத்தில் நிற்பதை யாரும் அதிக நேரம் நின்று பார்க்கவில்லை.

காரணம் கடலூரில் இருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு ராணுவப் பிரிவு கூடாரம் அடித்திருந்தது. ஓட்டுகிற ஆளே இல்லாத ஒரு சிவப்பு விமானம் அவர்களிடம் இருந்தது. பீரங்கிக்காரர்கள் கடலுக்கு மேலே குறிபார்த்துப் பழகுவதற்காகச் செய்தது. கேப்டன் ராமாமிர்தம் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு குமிழைத் திருப்புவார். மேலே அது திரும்ப வேண்டும். கைமீறிப் போனால் ஊர்மேல் விழாமல் வானத்திலேயே சிதறிப்போகும்படி அதன் வயிற்றில் வெடிமருந்து வைத்திருந்தார்கள். அதற்கென்று பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான். முதல் நாள் கேப்டன் விமானத்தைக் கிளப்பக் குமிழைத் திருப்பிய அதே நேரத்தில் மைதானத்து ஓரமாகக் கீரப்பாளையம் பஸ் புறப்பட்டது. படியில் தொங்கிக்கொண்டிருந்த தங்கராசு விசில் ஊதினான். விமானம் கிளம்பியது. அதன்பிறகு அது பெட்டியின் பேச்சைக் கேட்கவில்லை. தங்கராசு கேட்டான்.

கேப்டன் இடப்பக்கம் திருப்பினால், ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் இடப்பக்கம் திரும்பி ஜன்னலில் முட்டிக்கொண்டான். வட்டமடிக்கத் திருப்பினால் சிதம்பரம் பஸ் நிலையத்தை வட்டமடித்தான். மீதிச் சில்லறைக்காகப் பயணிகளும் பின்னாலேயே சுற்றினார்கள். உயரத் திருப்பினால் பஸ்ஸின் கூரையில் ஏறினான், இல்லையென்றால் தென்னையில் ஏறினான், அதுவும் இல்லாத இடத்தில் சும்மாவே எழும்பினான். குறிஞ்சிப்பாடியில் ஏறிய ஒரு வியாபாரி, "கண்டக்டரே, எறங்கி வந்து மீதிய குடுத்துட்டு அப்புறமா பறங்க" என்று சொன்னதாக அந்தத் தடத்தில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

தங்கராசுவின் மனைவி மாரியம்மாள் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவளுடைய வருத்தம் வேறு. கல்யாணமானது முதல் அவன் அவள் ஒருத்தியின் குரலுக்குத்தான் அடங்கியவன். மதியம் பஸ் கீரப்பாளையத்தில் நிற்கும்போது அவள் வாசலில் வந்து "இந்தாங்க, சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவான். எல்லாப் பெண்களையும்போல அவளும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோது பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவிதான் சொன்னாள். பெயரில் பாதி வாயில் வந்துவிடும் என்று தங்கத்தைக்கூட 'மஞ்ச சாமான்' என்பாள். அன்றைக்கும் வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். அவன் வரவில்லை. தெருவில் காயப்போட்டிருந்த நெல்லையெல்லாம் வாரி இறைத்துக்கொண்டு விமானம் வந்து வாசலில் நின்றது.

பசியோடு வந்ததைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தட்டை வைத்துப் பார்த்தாள், அது தொடவில்லை. மூக்குக்குப் பின்னால் ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்து கோதுமைக் கஞ்சியை உப்புப் போட்டு ஊற்றினாள். குடித்துவிட்டுப் பறந்துபோனது. மறுநாளும் வந்தது. கோதுமைக் கஞ்சி வேண்டாம் என்று ஒதுக்காத ஒரே ஜீவன் அந்த ஊரில் அதுதான்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ரஹ்மத் பீவி. "ரெண்டு கயிறும் மாறிப்போச்சுடி. ஒம் புருசன் அவுங்க பெட்டிகிட்ட மாட்டிக்கிட்டாரு, அவுங்க விமானம் ஒங்கிட்ட மாட்டிக்கிச்சு" என்றாள். அப்படியென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் யார் வெடிப்பது என்று மாரியம்மாள் கேட்டாள். ரஹ்மத் பீவி புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காரணம், அன்று வெள்ளிக்கிழமை. மேலிடத்திலிருந்து தந்தி வந்துவிட்டதென்றும், ஜும்மா தொழுகை முடிந்ததும் பொத்தானை அழுத்தப் போவதால் ஜனங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டுமென்றும் காலையிலேயே தமுக்கடித்திருந்தார்கள்.

இருவரும் தங்கராசுவின் பஸ்ஸிலேயே மஞ்சக்குப்பம் போனார்கள். வீட்டுக்குள் இருக்கச் சொன்ன ஜனங்கள் அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள். கேப்டன் நல்ல மனிதர். சொன்னதைக் கேட்டு, குமிழைத் திருப்பிப் பார்த்தார். தங்கராசு அவர் கண்ணெதிரே ஒரு முழம் எழும்பி நின்று வணக்கம் சொன்னான். கேப்டன் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தாவிட்டால் விமானம் எந்த ஊர்மேலாவது விழும், அழுத்தினால் இந்த ஆள் போய்விடுவான், ஆனால் உத்தரவில் கண்டக்டரைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். முடிந்தால் அவனை அவள் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றார்.

மாரியம்மாள் "இந்தாங்க" என்றாள். விமானம் தலைக்கு மேலே பாய்ந்து வந்தது. கூடாரம் இரண்டு சரிந்தன. மறுபடியும் சொன்னாள், மறுபடியும் அதுதான் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேப்டன் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காக ரஹ்மத் பீவி பெயரைக் கூவினாள், டிரைவர் கூவினார், கேப்டனே ஒலிபெருக்கியில் கூவினார். அவர்கள் யாரும் அவனை ஆண்டவர்கள் இல்லை, அவன் அசையவில்லை. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பொத்தான் மேல் வைத்தார். அந்தரத்திலிருந்த தங்கராசு, "மாரி, மானம் போனா போவுதுடி" என்றான்.

"தங்கராசு," என்றாள் மாரியம்மாள். குரல் மைதானத்தைத் தாண்டி ஆற்றின் அக்கரைவரை கேட்டது. "கீழ எறங்கு. சோறு ஆறுது."

அவன் தொப்பென்று விழுந்தான். அந்தச் சத்தத்தில் பதறி கேப்டனின் விரல் அழுந்திவிட்டது. கடைத்தெருவில் ஒரு சோடா பாட்டில் வெடித்தது, அவ்வளவுதான். பெட்டி அதன்பிறகு யாரையும் ஆளவில்லை. விமானம் கடலில் விழுந்துவிட்டதாக மேலிடத்துக்கு எழுதிவிட்டு, மறுவாரம் ராணுவம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது.

விமானம் போகவில்லை. கஞ்சிக்குப் பழகியதும் எந்த வீட்டுப் பெண் 'இந்தாங்க' என்றாலும் இறங்கி வந்து நெல்லைக் கலைத்தது. வயிற்றில் மருந்தோடு வருகிற விருந்தாளி என்பதால், பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் புருஷனைப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆண்கள் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மலேயாவிலிருந்து ஊருக்கு வந்த ரஹ்மத் பீவியின் புருஷன், பஸ் நிறுத்தத்தில் "அப்துல் ஹக், பொட்டிய எடுத்துக்கிட்டு இப்புடி வா" என்ற குரலைக் கேட்டு, வேறு யாரோ அப்துல் ஹக் இருப்பதாக எண்ணி வெகுநேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ரேஷனில் மறுபடி அரிசி வந்தது. கஞ்சியும் அரிசிக் கஞ்சியானது. தினமும் மதியம் மாரியம்மாள் முதலில் "தங்கராசு" என்பாள், அவன் வருவான். பிறகு "இந்தாங்க" என்பாள், அது வரும். வெயில் காலத்தில் அது குடித்து முடிப்பதற்குள் இறக்கை இரண்டிலும் வற்றல் காய்ந்துவிடும்.